கைக்குட்டைப் பிணைப்பு

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கை கழுவும் தொட்டிகள் எல்லாம் வெள்ளைப் பீங்கான். மூலையில் இருந்த ஒன்று மட்டும் செங்காவி நிறத்தில் இருக்கும். வேலையில் சேர்ந்த அன்று, யாரோ டைகுரோமேட் கரைசலைக் கொட்டிக் கறையாக்கிவிட்டார்கள் என்று நினைத்து, பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். ஓரமெல்லாம் சுண்ணாம்பும் எச்சிலும் பாக்குத் துகளும் காய்ந்து ஒட்டியிருந்தன. துறைத் தலைவர் வெற்றிலை துப்புகிற தொட்டி அது என்று உதவியாளர் சொன்னார். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிரான்சில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு அப்போதுதான் புதுச்சேரிக்குத் திரும்பியிருந்தேன். என் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தமிழும் பிரெஞ்சும் கலந்து புழங்கும். ஆகவே அங்கே போய்ப் படித்தது எங்கள் குடும்பத்தில் பெரிய அதிசயமில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் நான் திரும்பி வந்ததுதான் எல்லோருக்கும் அதிசயம். வந்த இடத்தில் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். வழியில் பெரிய வாய்க்கால். ஊரின் கழிவெல்லாம் கறுப்பாகத் தேங்கி, வெயில் ஏற ஏறக் கொப்புளம் விட்டுக்கொண்டிருக்கும். பாலத்தைத் தாண்டும்வரை முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். கல்லூரிக்குள் போனபிறகு மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட வேண்டியிருந்ததே, அதுதான் கஷ்டம்.

என் ஆராய்ச்சி ஒலிஃபின் மெட்டாதெசிஸ் என்ற வினையைப் பற்றியது. பெயர்தான் மிரட்டும். விஷயம் எளிமையானது. இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த கார்பன் அணுக்கள் உள்ள பொருளை ஒலிஃபின் என்கிறோம். ஓர் உலோகம் இடையில் வந்தால், அந்த அணுக்கள் தம் ஜோடியை விட்டுவிட்டு வேறு ஜோடியோடு சேரும். இதையே வளையமாக இருக்கும் மூலக்கூறின்மேல் நடத்தினால், வளையம் அந்த இரட்டைப் பிணைப்பில் அறுந்து நீளும். நீண்டது அடுத்த வளையத்தைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. கடைசியில் ரப்பர் மாதிரி ஒரு பலபடி, அதாவது பாலிமர், கிடைக்கும். குடுவையில் தண்ணீர்போல ஓடிக்கொண்டிருந்த கரைசல், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தேனாகி, பசையாகி, உள்ளே சுற்றுகிற காந்தத்தை இறுக்கிப் பிடித்து நிறுத்திவிடும். முதல்முறை அதைப் பார்த்தபோது அறையில் யாருமில்லை. இருந்தாலும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சமாவது மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர்கள் படித்துக்கொண்டிருந்த வேதியியலைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. துறைத் தலைவர் தான் மாணவராக இருந்த காலத்துத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சொல்லி எழுதவைப்பார். பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதுவார்கள். தேர்வில் அதே கமாவோடு திருப்பி எழுதுவார்கள். வாந்தியைத் தட்டில் வாங்கித் திருப்பிக் கொடுப்பதுபோல இருக்கும் எனக்கு.

இளநிலை மூன்றாம் ஆண்டில் பலபடிகள் என்று ஒரு சின்னப் பாடம் உண்டு. பாலிதீன், நைலான், பேக்கலைட். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற அந்த வகுப்பை வேறு எந்த ஆசிரியரும் கேட்டு வாங்கவில்லை என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். அதோடு மெட்டாதெசிஸையும் சேர்த்துச் சொல்லலாமா என்று தலைவரிடம் கேட்டேன். கேள்வித்தாளில் வராததைப் பிள்ளைகளுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்றார். நேரம் மிச்சமிருந்தால் சொல்கிறேன் என்றேன். வாயில் வெற்றிலை இருந்ததால் அவர் தலையை மட்டும் ஆட்டினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வகுப்பு பாழாய்ப் போனது. கரும்பலகை முழுக்க வரைந்தேன். உலோகமும் கார்பனும் இரட்டைப் பிணைப்பில் நிற்பது, ஒலிஃபின் வருவது, நான்கு அணுக்களும் ஒரு சதுரமாகச் சேர்வது, சதுரம் வேறு பக்கமாகப் பிரிவது. எல்லோரும் அப்படியே பார்த்து வரைந்துகொண்டார்கள். புரிந்ததா என்று கேட்டேன். புரிந்தது என்றார்கள். யாரையாவது எழுந்து சொல்லச் சொன்னால் பெஞ்சைப் பார்த்தார்கள்.

பெண்கள் வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்தாள். முதலியார்பேட்டையில் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள். ஒல்லியாக, எப்போதும் முழங்கை மறைகிற ரவிக்கையில் வருவாள்.

"பாலிதீன் ஆவும்போது டபுள் பாண்ட் ஒடஞ்சி சிங்கிளா பூடும்னு படிச்சோம் மேடம். இதுல அது எங்கியும் போவலியா?"

போகவில்லை, இடம்தான் மாறுகிறது என்றேன். "எப்பிடி மேடம்?" என்றாள். திரும்பவும் பலகையைக் காட்டினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்விதான் பாடமே. பிரான்சில் முனைவர் பட்டம் வாங்கிய என்னால் அதற்குப் புரியும்படி பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாள் அதையே யோசித்தேன். வேதிப்பொருள் வாங்கிச் செய்துகாட்டலாம் என்றால், எங்கள் ஆய்வகத்தில் நல்ல ஸ்பிரிட்டே கிடைக்காது. கடைசியில், மாணவர்களையே அணுக்களாக நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. ஊர் எனக்குத் தெரியாததல்ல. வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒரு பேனாவைக்கூட நேராகக் கொடுத்துவாங்க மாட்டார்கள், மேசையில் வைத்துத்தான் எடுப்பார்கள். அதனால் கைகோக்கச் சொல்லவில்லை. எல்லோரும் கைக்குட்டை கொண்டுவாருங்கள் என்றேன். ஒரு கைக்குட்டையின் இரு முனைகளை இருவர் பிடித்தால் ஒற்றைப் பிணைப்பு. இரண்டு கைக்குட்டை பிடித்தால் இரட்டைப் பிணைப்பு. கையோடு கை படவே கூடாது என்று நானே முதலில் சொல்லிவிட்டேன்.

வகுப்பில் பெஞ்சுகள் தரையோடு பதித்தவை. ஆகவே எல்லோரையும் வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். ஐந்தைந்து பேராக வளையம் கட்டி நின்றார்கள். பையன்கள் பையன்களோடு, பெண்கள் பெண்களோடு. ஒவ்வொரு வளையத்திலும் ஓரிடத்தில் மட்டும் இரண்டு கைக்குட்டை. பிள்ளைச்சாவடியிலிருந்து வருகிற உயரமான மீனவப் பையனை உலோகம் ஆக்கினேன். அவனோடு இரட்டைப் பிணைப்பில் ஒரு நண்பன். இருவரும் முதல் வளையத்தின் இரட்டைப் பிணைப்புக்கு அருகே போனார்கள். நான்கு பேரும் ஒரு சதுரமாக நின்றார்கள். பிறகு பழைய பிடியை விட்டார்கள். வளையம் அறுந்தது. உலோகப் பையன் புதிய ஆளைப் பிடித்துக்கொண்டு முனையில் நின்றான், அவன் பின்னால் சங்கிலி. அடுத்த வளையம், அதற்கடுத்தது. பையன்கள் குஷியாகிவிட்டார்கள். சங்கிலி வராந்தாவில் தூண் தூணாக நீண்டுகொண்டே போனது.

மிச்சமிருந்தது பெண்கள் வளையம். உலோகப் பையன் தயங்கி என்னைப் பார்த்தான். பெண்கள் தலை குனிந்தார்கள். நான் போதும் என்று சொல்ல வாயெடுத்தபோது, பஞ்சாலைக்காரர் மகள் கைக்குட்டையின் முனையை நீட்டினாள்.

"வா, நாங்கதான அடுத்த ரிங்கு," என்றாள், சர்வசாதாரணமாக.

பையன் கூச்சத்தோடு அதைப் பிடித்தான். சதுரம் சேர்ந்தது, பிரிந்தது. பெண்கள் வளையமும் திறந்து சங்கிலியில் சேர்ந்தது. அவள் நின்ற இடத்திலிருந்தே சங்கிலி நெடுகப் பார்வையை ஓட்டி இரட்டைக் கைக்குட்டைகளை எண்ணினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கொறையவே இல்ல மேடம். எத்தினி இருந்துச்சோ அத்தினியும் இருக்குது. ஆளுதான் மாறியிருக்கு."

அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் வேறு எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை கரும்பலகையில் ஒரு படம் வரைந்திருந்தார்கள். ஒரு பெண்ணும் சில ஆண்களும். என்ன செய்வதாக வரைந்திருந்தது என்று எழுத எனக்குக் கூசுகிறது. பெண்ணின் முகத்தில் நான் போடுகிற மூக்குக் கண்ணாடி. டஸ்டர் இல்லை. கைக்குட்டையை நனைத்து நானே துடைத்தேன். சுண்ணாம்பு நீர் மணிக்கட்டில் வழிந்தது. எத்தனை முறை கழுவியும் கை பிசுபிசுப்பதாகவே இருந்தது.

அலுவலக மாடியிலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். புது டீச்சர் பையனையும் பெண்ணையும் ஜோடி மாற்றி ஆடவிட்டாள் என்று பேச்சு கல்லூரி வாசலைத் தாண்டிவிட்டது. ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும், சிரிப்பு மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். தலைவர் என்னை அழைத்து, பிரான்சில் இதெல்லாம் சகஜமாக இருக்கலாம், இது குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிற இடம் என்றார். என்ன நடந்தது என்று விளக்க ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். விசாரணை வைக்கப் போவதாகச் சொன்னார்.

அந்தப் பெண் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்தார். எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காது மடலிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. தவளக்குப்பத்தில் மகளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டார்களாம். மில் கேட்டில் நின்று சிரிக்கிறார்களாம். அவள் உள்வாசலில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"டீச்சரம்மா, சுத்தி வளைக்காம சொல்லுங்க. என் பொண்ணு என்னா பண்ணுச்சு?"

சொன்னேன். என் பையிலிருந்த கைக்குட்டையை எடுத்து ஒரு முனையை அவரிடம் கொடுத்து, மறுமுனையை நான் பிடித்துக் காட்டினேன். அவர் அந்தத் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இம்மாந்தானா? இதுக்கா ஒரு சம்மந்தத்த வாணாம்னு சொல்லுவானுங்க?" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "நாளைக்கிக் காலேஜிக்குப் போ," என்றார்.

வாசல்வரை வழியனுப்ப வந்தவள் மெல்லச் சொன்னாள். அந்தச் சம்பந்தம் முறிந்ததில் அவளுக்கு வருத்தமில்லையாம். பெண் பார்க்க வந்தபோது பல்லைக் காட்டச் சொன்னார்களாம்.

விசாரணை தலைவரின் அறையில் நடந்தது. அவரும், தாவரவியல் பேராசிரியரும், அலுவலகக் கண்காணிப்பாளரும். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அறைக்கு இடுப்புயர ஆட்டக்கதவுதான். உள்ளே பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்டது. பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பையன்களில் ஒருவனைக்கூடக் கூப்பிடவில்லை.

கேள்வி கேட்டது தலைவர் மட்டும்தான். எந்தக் கையால் பிடித்தாய். அவன் விரல் உன் விரலில் பட்டதா. எவ்வளவு நேரம் பிடித்திருந்தாய். அப்போது உனக்கு எப்படி இருந்தது. கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் வெற்றிலை மெல்லுகிற சத்தம். ஒவ்வொரு பெண்ணிடமும் அந்தக் கடைசிக் கேள்வியை அவர் நிதானமாக, ஏறக்குறைய அன்பாகக் கேட்டார். முதல் பெண் அழுதுகொண்டே வெளியே வந்தாள். எழுந்து உள்ளே போக நினைத்தபோது கண்காணிப்பாளர் பஞ்சாலைக்காரர் மகளின் பெயரைக் கூப்பிட்டார்.

அதே கேள்விகள். எந்தக் கை, எவ்வளவு நேரம். பிறகு அவள் குரல் கேட்டது. நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"கைக்குட்டையத்தான் சார் புடிச்சோம். யார் கையும் யார் மேலயும் படல. பியூரெட் புடிக்கச் சொல்லித் தரேன்னு நீங்கதான் சார் எங்க கையப் புடிக்கறீங்க. பின்னால வந்து நின்னுக்கறீங்க. அதான் நாங்க ரெண்டு ரெண்டு பேரா நிக்கறோம்."

பியூரெட் என்கிற கண்ணாடிக் குழாயைப் பிடித்து வேலை செய்யும் செய்முறை வகுப்பில் பெண்கள் ஏன் ஒருவரையொருவர் ஒட்டியே நிற்கிறார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

தலைவர் அவளை வெளியே போகச் சொன்னார். குரல் உயரவில்லை. "நீங்க கேட்டீங்க சார், சொல்லிட்டேன்," என்றுவிட்டு அவள் வந்தாள். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தாவரவியல் பேராசிரியரின் முன்னால் தாள் இருந்தது. அதுவரை ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொண்டு வந்தவர், பேனாவை மூடிக்கொண்டிருந்தார். இவள் சொன்னதையும் எழுதுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், மேசையின் விளிம்பைப் பார்த்துச் சொன்னார்.

"இந்தக் கமிட்டி அதுக்கு இல்லிங்களே மேடம்."

இவர் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். மார்கழி முழுக்கப் பஜனையில் பாடுவார். இரண்டு மகள்கள். வெற்றிலைக்காரரைவிட இவர்மேல்தான் அன்று எனக்கு அருவருப்பு அதிகமாக வந்தது. இன்றும் அப்படித்தான்.

முதல்வரிடம் போனேன். அவர் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் கேட்டார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. மற்ற பெண்கள் வந்து சொல்வார்களா என்று கேட்டார். அவர்களிடம் போய்க் கேட்டேன். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முதல்வரிடம் வந்து சொல்கிறீர்களா என்றபோது ஒருத்தியும் தலையாட்டவில்லை. ஒரு கைக்குட்டைக்கே ஒருத்தியின் கல்யாணம் நின்றுபோனதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

உங்கள்மேல் உள்ளது, அவர்மேல் உள்ளது, இரண்டு புகாரையும் சேர்த்தே மூடிவிடலாம், பெண்பிள்ளைகளின் பெயர் கெடக் கூடாது பாருங்கள் என்றார் முதல்வர். மேலே எழுதுவேன் என்றேன். எழுதினால் அந்தப் பெண்ணைத்தான் முதலில் கூப்பிடுவார்கள், மறுபடியும் எந்தக் கை என்று கேட்பார்கள் என்றார். அது உண்மைதான். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டேன். தேர்வு முடியும்வரை மூன்றாம் ஆண்டின் எல்லாச் செய்முறை வகுப்பிலும் நான் ஆய்வகத்தில் இருப்பேன், தலைவர் உள்ளே வரக் கூடாது. சத்தம் அடங்கினால் போதும் என்று அவர் ஒத்துக்கொண்டார்.

அந்தப் பருவம் முழுக்க மதியங்களில் ஆய்வகத்தில் நின்றேன். தலைவர் தன் அறையிலேயே இருந்தார். துப்புவதற்கு மட்டும் வருவார். நேராக மூலைக்குப் போய், துப்பிவிட்டு, யாரையும் பார்க்காமல் திரும்புவார். பெண்கள் மெல்ல மெல்லத் தள்ளித் தள்ளி நிற்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு பியூரெட், ஆளுக்கொரு மேசை. மெட்டாதெசிஸை நான் அந்த வகுப்பில் அதன்பிறகு பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை. ஒருநாள் உலோகப் பையன் வந்து, சங்கிலி எப்போது நிற்கும், வளையம் தீர்ந்தாலா, உலோகம் கெட்டாலா என்று கேட்டான். இரண்டாலும் நிற்கலாம் என்றேன். யோசித்துக்கொண்டே போனான்.

தேர்வு முடிந்த மாதமே எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. காரணம் எதுவும் எழுதவில்லை. அம்மாவை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனேன். வாரக் கடைசியில் பஸ் பிடித்து வந்து பார்த்துப் போவேன்.

சில வருடங்கள் கழித்துத் தலைவர் ஓய்வு பெற்றார். பாராட்டு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போகாமல் இருந்திருக்கலாம். என்னதான் பேசுகிறார்கள் பார்ப்போம் என்று போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சந்தன மாலை, சால்வை, ஆளுயரக் குத்துவிளக்கு. தாவரவியல் பேராசிரியர் மைக்கைப் பிடித்து, மாணவிகளுக்குத் தந்தையைப் போன்றவர் என்றார். மேடையில் வரவேற்புப் பாட்டுப் பாடிய மாணவிகள் ஒவ்வொருவராகக் காலில் விழுந்தார்கள். அவர் ஒவ்வொருத்தியின் தலையையும் தொட்டு, பிறகு தோளைத் தொட்டுத் தூக்கிவிட்டார். கை தோளிலேயே கொஞ்சம் தங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்தேன். யாரும் கவனிக்கவில்லை.

அவளைக் கடைசியாகப் பார்த்தது ஒரு வங்கியில். அம்மாவின் கணக்கு விஷயமாகப் போயிருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவள் நிமிர்ந்து பார்த்து, எழுந்து நின்றுவிட்டாள். கல்யாணமாகி ஒரு குழந்தை இருப்பதாகச் சொன்னாள். அப்பா மில்லில் இருந்து நின்றுவிட்டாராம். மேலே படிக்கவில்லையா என்று கேட்டேன். நல்ல மதிப்பெண் எடுத்துத்தான் தேறியிருந்தாள். முதுநிலைக்கு எங்கள் கல்லூரியிலேயே இடம் கிடைத்ததாம். வெளியூர் அனுப்ப வீட்டில் வசதியில்லை. இங்கே சேர்ந்தால் இன்னும் இரண்டு வருடம் அதே ஆய்வகம், அதே ஆள். நான் அப்போது காரைக்காலில் இருந்தேன். ஆகவே வங்கித் தேர்வு எழுதினாளாம்.

வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டேன்.

"பரவால்ல மேடம். இங்க எவனும் பின்னால வந்து நிக்க முடியாது. முன்னால கம்பி இருக்கு," என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர் செருமினார். அம்மாவின் பாஸ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.